பட்டம்: விளக்கா, விலங்கா?

பால்டிமோர் நகரிலே ஒரு தாய், தன் நிச்சயதார்த்த மோதிரத்தையும் திருமண மோதிரத்தையும் கழற்றி அடகுக் கடைக்காரனிடம் கொடுத்தாள். ஆண்டு 1930. மகன் சட்டம் படிக்க வேண்டும். கட்டணம் கட்டப் போதிய பணம் வீட்டில் இல்லை. மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தின் சட்டப் பள்ளி அதே நகரத்தில்தான் இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. அந்தத் தாயின் வரியும் அதிலே உண்டு. ஆயினும் அதன் வாயில் கருநிறத்தாருக்கு அடைத்துக் கிடந்தது! ஆகவே அந்த இளைஞர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து, ரயிலேறி, வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக் கழகத்துக்குச் சென்று படித்தார். 1933-ல் வகுப்பின் முதல் மாணவராக வெளிவந்தார். அவர் பெயர் தர்குட் மார்ஷல். 1954-ல், பள்ளிகளிலே நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்த வழக்கறிஞர் அவர்தான். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கருநிற நீதிபதியாக அமர்ந்தவரும் அவர்தான்.

இரண்டு மோதிரங்களின் விலை என்ன? அவை வாங்கித் தந்தது என்ன? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவரும், "படிப்புக்குச் செய்யும் செலவு ஒருநாளும் வீண் போகாது" என்று பெருமிதத்தோடு கூறுவர். நாமும் கூறியிருப்போம், வரலாற்று ஏட்டின் அடுத்த பக்கங்களைப் புரட்டாதிருந்தால்!

மார்ஷல் பட்டம் பெற்று எண்பது ஆண்டுகள் கழித்து, அதே அமெரிக்காவிலே, சட்டப் பட்டம் பெற்ற இளைஞர்கள் இலட்சம் டாலர் கடனைச் சுமந்தபடி சிற்றுண்டிச் சாலைகளில் வேலை தேடி நின்றனர். இம்முறை மோதிரத்தை எவரும் அடகு வைக்கவில்லை. தங்கள் வருங்காலத்தையே அடகு வைத்திருந்தனர். பட்டம் ஒருவருக்கு விளக்காகிறது, மற்றொருவருக்கு விலங்காகிறது. ஏன்? படிப்பவனின் அறிவிலே உள்ள வேறுபாடா? பள்ளியின் தரத்திலே உள்ள வேறுபாடா? அல்லது, கதவைத் திறப்பவன் யார், எதற்காகத் திறக்கிறான் என்பதிலே உள்ள வேறுபாடா? இதைத்தான் ஆராயப் புகுகிறோம்.

பள்ளியே காணாத பாரிஸ்டர்கள்

ஆபிரகாம் லிங்கன் சட்டப் பள்ளியின் படியை மிதித்தவரல்லர். எந்தப் பள்ளியிலும் அவர் படித்த காலத்தைக் கூட்டினால் ஓராண்டு தேறாது. நியூ சேலம் என்னும் சிற்றூரிலே இரவல் வாங்கிய சட்ட நூல்களைத் தாமே படித்தார். 1836-ல் வழக்கறிஞராக அனுமதி பெற்றார். நமது பகுத்தறிவு மேடைகளிலே பெயர் ஒலிக்காத நாளில்லை எனத்தக்க இங்கர்சால், அவரும் கல்லூரி காணாதவர்தான். 1854-ல் அதே இல்லினாய்ஸ் மாநிலத்தில் வழக்கறிஞரானார்; 1867-ல் அம்மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியே அவரைத் தேடி வந்தது. 1925-ல், பரிணாமக் கொள்கையைப் பாடம் சொன்ன ஆசிரியருக்காக டென்னசியில் வாதாடிய கிளாரன்ஸ் டாரோ, சட்டப் பள்ளியில் ஓராண்டு மட்டுமே கழித்தவர். எஞ்சியதை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலே கற்றார்.

அந்நாளில் அமெரிக்காவிலே வக்கீலாகும் வழி இதுவே. அனுபவம் மிக்க வழக்கறிஞரிடம் எழுத்தராய்ச் சேர்வது, மனுக்களைப் படியெடுப்பது, ஓய்ந்த நேரத்தில் நூல்களைப் படிப்பது, நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கு விடையிறுப்பது. சட்டப் பள்ளிகள் இல்லாமலில்லை. கனெக்டிகட்டின் லிட்ச்பீல்டு பள்ளி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயங்கியது. ஹார்வர்டு சட்டப் பள்ளி 1817-ல் பிறந்தது. ஆனால் பள்ளிக்குப் போனால்தான் வழக்கறிஞராகலாம் என்ற விதி இல்லை.

இந்த வழியைப் பொற்காலம் எனப் போற்றிவிட வேண்டாம். எந்த வழக்கறிஞர் தம் அலுவலகத்திலே ஒரு கருநிற இளைஞனை அமர்த்திக் கொள்வார்? எவர் ஒரு பெண்ணுக்கு இடம் தருவார்? மைரா பிராட்வெல் என்ற பெண்மணி, சட்ட ஏடு ஒன்றை நடத்தியவர், சட்டம் கற்றுத் தேர்ந்தவர். அவர் பெண் என்பதற்காகவே இல்லினாய்ஸ் மாநிலம் அனுமதி மறுத்தது. 1873-ல் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதி செய்தது. திண்ணைப் படிப்பு எளியதுதான். திண்ணைக்குச் சொந்தக்காரன் யார் என்பதுதான் கேள்வி!

அந்திப் பொழுதில் மலர்ந்த பள்ளிகள்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஒரு புதுமை தோன்றிற்று. பகலிலே உழைப்பவனுக்கு இரவிலே சட்டம்! வாஷிங்டன் நகரத்து அரசாங்க எழுத்தர்களுக்காக மாலை வகுப்புகள் எழுந்தன. அடிமைத் தளை அறுந்த நான்கே ஆண்டுகளில், 1869-ல், ஹோவர்டு சட்டப் பள்ளி தோன்றி, வேலை முடித்து வரும் கருநிற இளைஞர்களுக்கு மாலையிலே பாடம் நடத்தியது. 1898-ல் எல்லன் மஸ்ஸி, எம்மா கில்லெட் என்னும் இரு பெண்மணிகள் பெண்களுக்கென வாஷிங்டன் சட்டக் கல்லூரியை நிறுவினர்.

பாஸ்டன் நகரிலே இந்தப் புதுமை ஓர் இயக்கமாகவே உருவெடுத்தது. 1906-ல் கிளீசன் ஆர்ச்சர் என்ற இளம் வழக்கறிஞர் தமது வீட்டிலேயே இரவு வகுப்பைத் தொடங்கினார். அதுவே சபக் சட்டப் பள்ளியாக வளர்ந்தது. 1908-ல் ஆர்தர் மக்லீன் என்பவர் வழக்கறிஞர் தேர்வுக்கு இரு பெண்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அது போர்ஷியா சட்டப் பள்ளியாயிற்று. ஷேக்ஸ்பியர் நாடகத்திலே வழக்கறிஞர் வேடமிட்டு வாதாடும் பெண்ணின் பெயர் அது. பெண்ணுக்கு வழக்கறிஞர் உடை நாடகத்தில்தானா என்று கேட்பதுபோல் அமைந்த பெயர்!

யார் படித்தனர் இப்பள்ளிகளில்? அயர்லாந்திலிருந்து வந்தவர் மக்கள், இத்தாலியர் மக்கள், யூதர் மக்கள். கடை எழுத்தர், தபால்காரர், டிராம் ஓட்டுவோர். பகலெல்லாம் கூலி, இரவெல்லாம் சட்டம். கட்டணம் குறைவு; அதனினும் பெரியது, படிக்கும் காலத்திலே சம்பளத்தை இழக்க வேண்டிய தேவையில்லை என்பது. படிப்புக்கு ஆகும் செலவு என்று நாம் சொல்லும்போது, கட்டணத்தை மட்டும் எண்ணுகிறோம். ஏழையின் கணக்கிலே கட்டணத்தைவிடப் பெரிய செலவு, மூன்றாண்டுச் சம்பளம்! இரவுப் பள்ளி அந்தச் செலவைத் துடைத்தெறிந்தது. ஆர்ச்சரின் பள்ளிக்குப் பட்டம் வழங்கும் உரிமை எளிதிலே கிட்டவில்லை. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்திலே ஆண்டுக் கணக்கில் போராடி, 1914-ல்தான் அவ்வுரிமை பெற்றார்.

தரம் என்னும் திரை

ஏழை மகன் நீதிமன்றத்திலே எழுந்து நின்றதும் யாருக்கு முகம் சுளித்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1878-ல் தோன்றிய அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அந்நாளில் செல்வர் மன்றமாகவே விளங்கிற்று. 1912-ல் அது செய்த செயலொன்றைச் சொல்கிறோம். வில்லியம் லூயிஸ் என்ற கருநிற வழக்கறிஞர், அமெரிக்க அரசின் துணைத் தலைமை வழக்கறிஞராக இருந்தவர், அச்சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். அவரது நிறம் தெரிந்ததும் நிர்வாகக் குழு அவரை விலக்க முனைந்தது. நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞரே கண்டனக் குரல் எழுப்பிய பின்னர், இருந்தவரை இருக்கவிட்டு, இனிமேல் சேர விரும்புவோர் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தனர்! நிறம் ஒரு தடையாகாது என்று அச்சங்கம் தீர்மானம் செய்தது 1943-ல்தான்.

அத்தகைய சங்கம் 1921-ல் "தரம்" பேசிற்று. சட்டம் படிக்குமுன் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு வேண்டும். சட்டப் பள்ளியிலே மூன்றாண்டு முழுநேரப் படிப்போ, அதற்கு ஈடான நீண்ட பகுதிநேரப் படிப்போ வேண்டும் என்று தீர்மானித்தது. அதே 1921-ல், கார்னகி அறக்கட்டளைக்காக ஆல்பிரட் ரீட் என்பார் எழுதிய பேரறிக்கை வேறு வழி காட்டிற்று. வழக்கறிஞர் தொழில் ஒன்றல்ல, பல. சிற்றூரிலே பத்திரம் எழுதி ஏழைக்கு வாதாடுபவருக்கும், பெருங்கம்பெனிக்கு ஆலோசனை கூறுபவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டியதில்லை. இருவகைப் பள்ளிகளும் இருக்கட்டும் என்றார் ரீட். சங்கத்தார் செவி சாய்க்கவில்லை. தாங்கள் ஒப்பிய பள்ளிகளின் பட்டியலை வெளியிட்டனர். மாநிலங்கள் ஒவ்வொன்றாக அப்பட்டியலுக்குச் சட்ட வலிமை தந்தன.

நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். தரம் பேசியவர் அனைவரும் வஞ்சகர் என நாம் வாதிட வரவில்லை. நூலகம் இல்லாத பள்ளிகள் இருந்தன. தேர்வு வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்வித்து அனுப்பிய பள்ளிகள் இருந்தன. அரைகுறையாய்க் கற்ற வழக்கறிஞரிடம் சிக்கித் தம் நிலத்தையோ உயிரையோ இழப்பவர் செல்வரல்லர், ஏழைதான். ஆகவே தரம் ஏழைக்கும் தேவை. ஆனால், தரம் வேண்டும் என்றவர்கள் ஏழையின் பள்ளிக்கு நூலகம் கட்டித் தந்தனரா? ஆசிரியரை அமர்த்தினரா? இல்லை. கதவின் உயரத்தைக் கூட்டினர். ஏணியை எடுத்துச் சென்றனர்!

இந்தத் தாழ்ப்பாளின் கொடுமை எத்தகையது என்பதற்கு ஹோவர்டு பள்ளியே சான்று. 1929-ல் அதன் பொறுப்பேற்ற சார்லஸ் ஹூஸ்டன், ஹார்வர்டில் பயின்ற கருநிற அறிஞர். அங்கீகாரம் பெறாத பட்டத்தோடு வருபவரை வெள்ளையர் நீதிமன்றம் எள்ளி நகையாடும் என்பதை உணர்ந்தவர். அவர் என்ன செய்தார்? 1930-ல் இரவு வகுப்பை மூடினார்! முழுநேரப் பள்ளியாக்கினார், 1931-ல் அங்கீகாரம் பெற்றார். இரவிலே படித்து வந்த உழைப்பாளிகள் வெளியே நின்றனர், குமுறல் எழுந்தது. அந்தச் செலவைக் கொடுத்துத்தான் மார்ஷல் போன்றோரை வார்த்தெடுத்தார் ஹூஸ்டன். அவரைக் குறை கூறுவதா, போற்றுவதா? இரண்டும் வேண்டாம். ஒடுக்கப்பட்டோர் ஒரு கதவைத் திறக்க மற்றொரு கதவை மூட வேண்டியிருந்தது என்ற நிலையை எண்ணிப் பார்ப்போம்.

நீதிமன்றம் தூக்கிய தராசு

1935-ல் மிசூரி மாநிலத்தின் சட்டப் பள்ளிக்கு லாயிட் கெய்ன்ஸ் என்ற கருநிற இளைஞர் மனுச் செய்தார். "இங்கே இடமில்லை; வேறு மாநிலத்திலே படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம்" என்றது மாநிலம். எவ்வளவு தாராளம், பாருங்கள்! 1938 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தாராளத்தை ஏற்க மறுத்து, மாநிலம் தன் எல்லைக்குள்ளேயே சமவாய்ப்புத் தரவேண்டும் என்றது. உடனே மிசூரி, 1939-ல் செயிண்ட் லூயிஸ் நகரிலே கருநிறத்தாருக்கெனத் தனிச் சட்டப் பள்ளியை அவசர அவசரமாகத் திறந்தது. கெய்ன்ஸ் அதிலே சேரவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்து இரவொன்றில் சிக்காகோ விடுதியிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை புலப்படவில்லை. அதே 1939-ல் வட கரோலினாவும் டர்ஹாம் நகரத்துக் கருநிறத்தார் கல்லூரியிலே ஒரு சட்டப் பள்ளியை ஏற்படுத்திற்று.

1946-ல் டெக்சாசிலே ஹீமன் ஸ்வெட் என்ற தபால்காரர் மாநிலச் சட்டப் பள்ளியின் கதவைத் தட்டினார். அவர் ஒருவரை வெளியே நிறுத்துவதற்காகவே ஒரு புதுப் பள்ளி! முதலில் ஆஸ்டின் நகரத்துக் கட்டடமொன்றின் அடித்தளத்தில். பிறகு ஹூஸ்டன் நகரில். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1950 ஜூன் 5-ஆம் நாள் வந்த தீர்ப்பு, ஒரு சட்டப் பள்ளியின் மதிப்பை நிறுத்துப் பார்த்த தராசு.

ஒரு தட்டிலே டெக்சாஸ் பல்கலைக் கழகம்: முழுநேரப் பேராசிரியர் 16 பேர், மாணவர் 850, நூல்கள் 65,000-க்கு மேல். மறுதட்டிலே கருநிறத்தார் பள்ளி: பேராசிரியர் 5, மாணவர் 23, நூல்கள் 16,500. நீதிமன்றம் இத்தோடு நிற்கவில்லை. எண்ணிக் காட்ட இயலாதவற்றையும் தராசிலே வைத்தது: ஆசிரியர்களின் புகழ், பழைய மாணவர்களின் செல்வாக்கு, சமுதாயத்திலே பள்ளிக்குள்ள மதிப்பு. அத்துடன், மாநில மக்களிலே நூற்றுக்கு 85 பேர் அந்தக் கருநிறத்தார் பள்ளியிலே இடம்பெற முடியாதவர்கள். நாளை அவன் எதிரே நிற்கப்போகும் வழக்கறிஞர்கள், சாட்சிகள், நடுவர்கள், நீதிபதிகள் பெரும்பாலோரும் அந்த 85 பேரிலேதான் இருப்பர். அவர்களோடு பழகாமல் தொழிலை எப்படிக் கற்பான் என்று கேட்டது நீதிமன்றம். ஸ்வெட் வென்றார்.

தோழர்களே, இந்தத் தீர்ப்பை நிறவெறிக்கு விழுந்த அடி என்ற அளவிலே படித்துவிட்டுப் போகக் கூடாது. பட்டம் என்பது தாள். அதற்கு மதிப்பைத் தருவது அதன் பின்னே நிற்கும் உறவும் செல்வாக்கும் என்பதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. வேலை வாய்ப்பு அறிவுக்கு மட்டும் கிடைக்கும் பரிசன்று என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டது.

எழுபது வயதில் ஏறிய படி

புளோரிடா மாநிலத்து வர்ஜில் ஹாக்கின்சின் கதை நெஞ்சை அறுப்பது. 1949-ல் மாநிலச் சட்டப் பள்ளிக்கு மனுச் செய்தார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. அவரை ஒதுக்க, கருநிறத்தாருக்கென டல்லாஹாசியில் ஒரு பள்ளியை ஏற்படுத்தினர். அவர் விடவில்லை. 1956-ல் உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்க்கச் சொல்லிற்று. மாநில நீதிமன்றமோ, கலவரம் மூளும் என்று சாக்குச் சொல்லி மறுத்தது. 1958-ல் ஹாக்கின்ஸ் தம் மனுவைத் திரும்பப் பெற்றார், பிற கருநிற மாணவருக்குக் கதவு திறக்கட்டும் என்று! திறந்தது. அவர் மட்டும் வெளியே நின்றார்.

பிறகு பாஸ்டன் சென்று படித்தார். எந்தப் பள்ளியில்? பெண்களுக்காகத் தோன்றி, பின்னாளில் ஆடவரையும் சேர்த்துக்கொண்டு, நியூ இங்கிலாந்து சட்டப் பள்ளி எனப் பெயர் மாறிய அதே போர்ஷியாவில்! பட்டம் பெற்றுத் திரும்பினார். "உன் பள்ளி வழக்கறிஞர் சங்கத்தின் பட்டியலில் இல்லை, தேர்வு எழுத முடியாது" என்றது புளோரிடா. உள்ளூர்ப் பள்ளியில் நிறத்தைக் காட்டி விரட்டியவர்கள், வெளியூர்ப் பள்ளியில் படித்து வந்தவரைத் தரத்தைக் காட்டித் தடுத்தனர். அப்பள்ளி 1969-ல் அங்கீகாரம் பெற்றது. ஹாக்கின்ஸ் வழக்கறிஞராக உறுதிமொழி எடுத்ததோ 1977-ல், எழுபதாம் வயதில்! முதுமையிலே தொடங்கிய தொழிலிலே தடுமாறினார். 1985-ல் விலக நேர்ந்தது. 1988-ல் மறைந்தார், மறைந்த பின்னர் அவரை மீண்டும் வழக்கறிஞராக ஏற்று அறிவித்தது மாநில நீதிமன்றம். அவரைத் தடுப்பதற்கென்று கட்டிய டல்லாஹாசிப் பள்ளியின் கதி? அதே ஊரிலே 1966-ல் மற்றொரு அரசுச் சட்டப் பள்ளி எழ, 1968-ல் இதை மூடினர். 2002-ல்தான் ஆர்லாண்டோவில் அது மறுபிறவி எடுத்தது.

கதவு திறந்தது, கல்லாப் பெட்டியும் திறந்தது

காலம் மாறிற்று. நிறத் தடை சட்டத்திலிருந்து அகன்றது. 1965-ல் உயர்கல்விச் சட்டம் வந்தது. மாணவருக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது. நல்ல ஏற்பாடு! ஆனால் நன்மைக்கு வெட்டிய வாய்க்காலிலே வணிகர் வலை வீசினர். 2006 ஜூலை முதல், பட்ட மேற்படிப்பு மாணவர் பள்ளி சொல்லும் முழுச் செலவையும் அரசிடம் கடனாகப் பெறலாம் என்றாயிற்று. பள்ளி கட்டணத்தை ஏற்றும். அரசு கடனை ஏற்றும். மாணவன் தோளிலே இரண்டும் ஏறும். கம்பெனி திவாலாகலாம், வங்கி திவாலாகலாம், 1998-ல் வந்த திருத்தத்துக்குப் பின், மிகக் கடுந்துன்பத்தை மெய்ப்பித்தாலன்றி, படித்தவன் தன் கல்விக் கடனைத் திவால் சொல்லித் தீர்க்க முடியாது!

2010-ல் முதலாண்டுச் சட்ட மாணவர் 52,000-க்கு மேற்பட்டனர். 2008-ன் பொருளாதாரச் சரிவு வேலைகளைத் தின்றுவிட்டிருந்தது. 2011-ல் பட்டம் பெற்றவரிலே, ஒன்பது மாதம் கழித்து, வழக்கறிஞர் தகுதி தேவைப்படும் நிலையான முழுநேர வேலையில் இருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேரே. பள்ளிகளின் விளம்பரங்களோ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை என்று முழங்கின! உணவு விடுதியிலே பரிமாறுபவனும் "வேலையில் இருப்பவன்" என்ற கணக்கிலே அடங்கினான் அன்றோ? வழக்குகள் எழுந்தன, பெரும்பாலும் மாணவர் தோற்றனர். ஆயினும் விவரங்களைப் பிரித்துக் காட்டும் விதிகள் கடுமையாயின.

சம்பளக் கணக்கிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. புத்தாயிரத்தின் தொடக்கம் முதல் அமெரிக்கச் சட்டப் பட்டதாரிகளின் தொடக்கச் சம்பளத்தைப் படமாக வரைந்தால் இரண்டு குன்றுகள் தெரியும். 2007-ல் ஒரு குன்று 40,000 முதல் 60,000 டாலர் வரையிலான இடத்தில்; மற்றொன்று 160,000 டாலரில், பெரு நகரத்துப் பெருங்கம்பெனிகளில். நடுவிலே பள்ளம். சராசரி அந்தப் பள்ளத்திலே விழும். சராசரிச் சம்பளம் வாங்குபவரோ மிகச் சிலர்! உயரக் குன்றுக்குப் பெரும்பாலும் புகழ்பெற்ற சில பள்ளிகளின் மாணவரே போவர். வட்டாரப் பள்ளி மாணவருக்குத் தாழ்ந்த குன்று. கட்டணத்திலே மட்டும் அத்தகைய தாழ்வு இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100,000 டாலர் கடன்; வட்டி 7.9 விழுக்காடு. பத்தாண்டில் தீர்க்க மாதம் ஏறத்தாழ 1,200 டாலர், ஆண்டுக்கு 14,500. சம்பளம் 50,000 என்றால், வரி கட்டுமுன்பே பத்தில் மூன்று பங்கு போயிற்று. அத்தகைய இளைஞன் ஏழைக்கு வாதாடும் வேலைக்குப் போவானா? போக நினைத்தாலும் கடன்காரன் விடுவானா?

உதவித்தொகை என்ற பெயரிலே நடந்ததையும் கேளுங்கள். நுழைவுத் தேர்விலே நிறைய மதிப்பெண் பெற்றவருக்குக் கட்டணச் சலுகை. குறைந்த மதிப்பெண் பெற்றவர் முழுக் கட்டணம் கட்டுவர். வசதியான வீட்டுப் பிள்ளை தனிப்பயிற்சி பெற்று மதிப்பெண் குவிப்பான், அவனுக்குச் சலுகை. எளிய வீட்டுப் பிள்ளை கடன் வாங்கி, தன் படிப்புக்கும் அவன் சலுகைக்கும் சேர்த்துக் கட்டுவான்! இல்லாதவனிடம் எடுத்து இருப்பவனுக்குக் கொடுக்கும் இந்த அறத்துக்குத் "தகுதி" என்று பெயர்.

ஒரு மாநிலம், இரு பள்ளிகள்

வட கரோலினாவுக்கு மீண்டும் வருவோம். 2006-ல் சார்லட் நகரிலே இலாப நோக்குள்ள நிறுவனம் ஒன்று சட்டப் பள்ளி திறந்தது. "ஒதுக்கப்பட்டோருக்கு வாய்ப்பு" என்பதே அதன் முழக்கம். 2016 நவம்பரில் வழக்கறிஞர் சங்கம் அதனைக் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த மாதம் அரசு அதற்குக் கடன் வழங்குவதை நிறுத்த முடிவு செய்தது. 2017 ஆகஸ்டில் பள்ளி மூடப்பட்டது. மாணவர் நடுத்தெருவில்! அவ்வாண்டிலேயே இந்தியானாவின் போர்ட் வெய்ன் நகரத்தில் 2013-ல் தொடங்கிய பள்ளியும் மூடிற்று. 1879-ல் தோன்றிய வல்பரைசோ சட்டப் பள்ளி சேர்க்கையை நிறுத்தி 2020-ல் முடிவெய்தியது.

டர்ஹாம் பள்ளி? நிறவெறியர் தம் சூழ்ச்சிக்காகப் பெற்றெடுத்த பிள்ளை அது. ஆனால் அரசுப் பள்ளி, குறைந்த கட்டணம். 1981 முதல் உழைப்பாளருக்கு மாலை வகுப்பும் நடத்தலாயிற்று. நிறத் தடை நீங்கிய பின் வெள்ளை மாணவரும் அங்கே படித்தனர். அவர்களில் ஒருவரான மைக் ஈஸ்லி 2001-ல் மாநிலத்தின் கவர்னரானார். கருநிறத்தாரை ஒதுக்கக் கட்டிய கூடத்திலே படித்தவர் மாநிலத்தை ஆண்டார்! வரலாற்றின் நகையாட்டு இதைவிட வேறென்ன?

இரண்டு பள்ளிகளும் பெரிய பள்ளிகள் ஏற்காத மாணவரை ஏற்றவைதான். ஒன்று நின்றது; மற்றொன்று வீழ்ந்தது. மாணவரின் தகுதியிலே குறை என்று சொன்னால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் கிடைக்காது. ஒன்றிலே மாணவன் படிக்க வந்தவன்; மற்றொன்றிலே மாணவன் விளைச்சல் நிலம்.

தெற்கு டகோட்டாவைப் பாருங்கள். பட்டதாரிகள் வேலையின்றித் தவித்த அதே ஆண்டுகளில், அம்மாநிலத்துச் சிற்றூர்களில் வழக்கறிஞரே இல்லை! உயில் எழுதவும், நில வழக்காடவும் மக்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. 2013-ல் மாநிலம் ஒரு சட்டம் செய்தது: சிற்றூரிலே சென்று தங்கித் தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு ஐந்தாண்டுகள், ஆண்டுதோறும் 12,000 டாலருக்கு மேல் உதவி. அத்தொகையைத் தம் மாநிலச் சட்டப் பள்ளியின் கட்டணத்தை வைத்தே கணக்கிட்டனர். வழக்கறிஞர் மிகுதி என்ற கூச்சல் எங்கே, வழக்கறிஞர் இல்லை என்ற ஏக்கம் எங்கே! வழக்கறிஞர் பெருகிவிடவில்லை, கடன்தான் பெருகி, அவர்களைப் பணமுள்ள பக்கம் விரட்டியது.

2025 ஜூலையில் அமெரிக்கப் பேரவை கடனுக்கு அணை கட்டிற்று. 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் சட்ட மாணவர் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000 டாலருக்கு மேல் அரசிடம் கடன் பெற இயலாது என விதித்தது. இதனால் கட்டணம் இறங்குமா, தனியார் வட்டிக்கடைக்கு மாணவர் விரட்டப்படுவரா என்பதைக் காலம் காட்டும். 1921-ல் கதவை உயர்த்தினர். 2006-ல் கடனை உயர்த்தினர். இப்போது கடனைக் குறுக்குகின்றனர். ஏழைப் பள்ளியின் கட்டணத்தைக் குறைத்து, அதற்கு நூலகமும் ஆசிரியரும் தருவது பற்றி மட்டும் எவரும் பேசக் காணோம்!

தராசு நம் கையில்

"சிறு ஊர்ச் சட்டப் பள்ளியா? வேலை கிடைக்காது, போகாதே!" என்பார் ஒரு சாரார். "படிப்பு எதுவானாலும் நல்லதே, கடன் வாங்கியேனும் படி!" என்பார் மற்றொரு சாரார். இரண்டுமே ஆராயாத வாக்கு. முன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால் மார்ஷலின் தாய் மோதிரத்தைக் கழற்றியிருக்க மாட்டாள். பின்னவர் பேச்சைக் கேட்டவர்தாம் சார்லட்டிலே ஏமாந்தனர்.

பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கட்டணம், உணவு, உறையுள், இழக்கும் சம்பளம் எல்லாம் சேர்ந்த முழுச் செலவு என்ன? அப்பள்ளியின் மாணவர் நூறு பேரில் தேர்வில் வென்றவர் எத்தனை பேர்? வழக்கறிஞராகவே நிலையான வேலை பெற்றவர் எத்தனை பேர்? சராசரியைச் சொல்லாதே, ஒவ்வொருவர் நிலையையும் சொல்! சலுகை தருகிறாய்; அடுத்த ஆண்டு அதைப் பறிக்க என்ன நிபந்தனை எழுதியிருக்கிறாய்? இவற்றுக்கு விடை சொல்லக் கூசும் பள்ளி எவ்வளவு உயரமான கோபுரம் கட்டியிருந்தாலும் அதன் வாயிலை மிதிக்க வேண்டாம்.

தனி ஒருவன் கேட்கும் கேள்விகள் இவை. சமுதாயம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் யார் வழக்கறிஞராக மாட்டார்? அவர் இல்லாத நீதிமன்றத்திலே யாருடைய குரல் ஒலிக்காது? இந்த இழப்பு எந்தப் பள்ளியின் வரவு செலவு ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. போர்ஷியாவைப் பட்டியலில் சேர்க்காத ஆண்டுகளிலே புளோரிடா எத்தனை ஹாக்கின்ஸ்களை இழந்தது என்பதற்குக் கணக்குப் புத்தகம் உண்டா?

லிங்கன் நடந்த பாதை முற்றும் அடைபடவில்லை. கலிபோர்னியா, வெர்மாண்ட், வர்ஜீனியா, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களிலே வழக்கறிஞர் அலுவலகத்தில் பயின்றே தேர்வெழுத இன்றும் வழியுண்டு. அதிலே நடப்பவர் சிலரே. பெரும்பாலோர் பள்ளியின் வாயிலில்தான் நிற்க வேண்டும். அந்த வாயிலிலே நிறத்தைக் கேட்டவனை வென்றாயிற்று. இப்போது பணப்பையைக் கேட்பவன் நிற்கிறான். அவன் முகத்திலே புன்னகை, கையிலே கடன் பத்திரம்.

பால்டிமோர்த் தாய் அடகு வைத்த மோதிரங்கள் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றின. அத்தகைய தாய்மார் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் கழற்றித் தரும் மோதிரம் மகளின் கல்விக்குப் போகிறதா, எவனோ ஒருவனின் இலாபக் கணக்குக்குப் போகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, படித்த நம்முடையது. தராசைத் தூக்குவோம், எடைக் கற்களையும் சோதிப்போம்!